கேட்டால் சொல்லிவிடு

நீ தூங்குகிறாய்.
எழுப்ப வேண்டாமென்று நர்ஸ் சொன்னதால்
மருந்து பில்லின் பின்பக்கம் எழுதுகிறேன்.
நீளமான பில். இடத்துக்குப் பஞ்சமில்லை.

பன்னிரண்டு வயதானால்தான் உள்ளே விடுவார்களாம்.
வாசல் செக்யூரிட்டி குனிந்து, தன்மையாகத்தான் சொன்னார்.
பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும்
எப்சிபா வாயே திறக்கவில்லை.
பிறகு விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு
"இன்னும் ஆறு பர்த்டேதான்பா" என்றாள்,
எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி.

போன வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில்
பிளேட்லெட் பன்னிரண்டாயிரம் என்று இருந்தது.
படித்துவிட்டு நான் பீரோமேல் சாய்ந்து நின்றேன்.
கீழே அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்:
எது பெரியது? வட்டமிடுக.
ஏழா, ஒன்பதா.
பதினாலா, நாற்பத்தொன்றா.
எட்டிப் பார்த்தவள், "பன்னிரண்டாயிரமா!" என்று
செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள்.
எங்கம்மாகிட்ட பன்னிரண்டாயிரம் இருக்கு,
எங்கம்மாகிட்ட பன்னிரண்டாயிரம் இருக்கு.
மறுநாள் காலையில் மளிகைக்கடை எட்வின்
பழைய பாக்கியைக் கேட்டு வந்து நின்றார்.

சிரித்தேன்.
வீட்டில் சத்தமாய்ச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.
விஷயம் தெரிந்ததும் அந்த மனுஷன்
நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு
போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல்.

உன் தலையை வீடியோவில் பார்த்த அன்று
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ராத்திரி விளக்கை அணைத்தபின் கேட்டாள்:
மொட்டை போட்டா கேட்டது கிடைக்கும்னு லக்‌ஷிதா சொன்னா,
அவங்க வருஷா வருஷம் திருப்பதி போறாங்க.
நாம சர்ச்சுக்குப் போறவங்க.
நமக்கும் கணக்கு எடுத்துப்பாங்களா?

போனில் எல்லாம் சரியாயிருக்கிறது என்றேனே,
பாயைத் தினமும் வெயிலில் போடுவதைச் சொல்லவில்லை.
வேலூர் வெயில் ஆம்பூரிலும் அதே வெயில்தான்,
ஒன்பது மணிக்குள் காய்ந்துவிடுகிறது.
அவள் ஸ்கூலுக்குக் கிளம்புமுன் சுருட்டி வைத்துவிடுவேன்.
இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

ஒரு தப்பு செய்துவிட்டேன்.
ஷூ கம்பெனிக்கு நீ போட்டுப்போகும் நீலக் கோட்டை
அவள் தலையணை உறைக்குள் திணித்து வைத்திருந்தாள்.
தெரியாமல் ஊறவைத்துத் துவைத்துவிட்டேன்.
சொல்யூஷன் நாற்றம் குமட்டுதும்மா என்று
உன்னைத் தள்ளிப் படுக்கச் சொன்னவள் இவள்தானே.
கொடியில் தொங்கிய கோட்டை முகர்ந்தாள்.
சோப்பு வாசனை.
அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் ஆளைக் காணோம்.
தேடித் தேடிக் கடைசியில்
கம்பெனி பஸ் நிற்கிற புளியமரத்தடியில் பார்த்தேன்.
இறங்குகிற ஒவ்வொரு பெண்ணின் இடுப்பிலும்
முகத்தைப் புதைத்து நிற்கிறாள்.
அவர்களும் கையில் டிபன் பாக்ஸோடு
விலக்காமல் நிற்கிறார்கள்.
டிரைவர் ஹாரனைத் தொடவில்லை.

சனிக்கிழமை பதினோரு பேர் இங்கே வந்தார்கள், ரத்தம் கொடுக்க.
நாலு பேருக்கு அவர்கள் ரத்தமே போதாதென்று
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அந்த நாலு பேர்தான் ரொம்ப நேரம் அழுதார்கள்.

இன்றைக்கு அவளையும் கூட்டி வந்தேன்.
எதிர்ப்பக்கம், வங்காளி எழுத்தில் போர்டு வைத்த லாட்ஜ் வாசலில்,
ஊர் ஊராய் வந்து ஸ்கேன் கவரோடு நிற்பவர்கள் நடுவே நின்று
அம்மா ஜன்னல் எது என்றாள்.
எனக்கே வெளியிலிருந்து அடையாளம் தெரியவில்லை.
மூணாவது மாடி என்றேன்.
அவள் ஒரு ஜன்னலையும் விடாமல்
இடமிருந்து வலமாய், எல்லாவற்றுக்கும் கையாட்டினாள்.

ஓரத்து ஜன்னலில் யாரோ
ஒரு சிவப்புத் துண்டைத் திருப்பி ஆட்டினார்கள்.
ஆணா பெண்ணா தெரியவில்லை.
ரொம்ப நேரம் ஆட்டினார்கள்.

உன் சித்தி மகளோடு டீக்கடையில் உட்கார்ந்து
இப்போது பன் சாப்பிடுகிறாள். முழு பன்.

விழித்ததும் அவளுக்கு போன் பண்ணு.
துண்டு சிவப்பு.
மறந்துவிடாதே.